இடது கொம்பின் நுனி

ஆகஸ்ட் 3, 1964, திங்கள்

மேலே இருப்பவர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் கீழே இருப்பவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை வந்துவிடுகிறது. செப்டம்பர் ஒன்றாம் தேதி எங்கள் படைப்பிரிவு தொடங்கிய நாள். ஜெனரல் வருகிறாராம். அவருக்குப் பரிசாக ஒரு போட்டோ கொடுக்க வேண்டும் என்று கர்னலுக்குத் தோன்றியிருக்கிறது. சாதாரண குரூப் போட்டோ இல்லை. எங்கள் பெங்களூர் முகாமில் உள்ள ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது பேரும் மைதானத்தில் நின்று எங்கள் சின்னமான காட்டெருமைத் தலையாகத் தெரிய வேண்டும். முகம், காது, மூக்கு, இரண்டு கொம்பு. எல்லாம் மனிதர்கள்.

படம் எடுக்கும்வரை ஒருவருக்கும் லீவு கிடையாது. ஒரு தலை குறைந்தால் எருமையில் ஓட்டை விழுமாம்.

இடது கொம்பு என் பொறுப்பு. ஹவில்தார் பொன்னுதுரை, சிப்பாய்களுக்கு உஸ்தாத், பதினேழு வருட சர்வீஸ், இப்போது கொம்பு மேய்க்கிறேன்.

சாயங்காலம் சிப்பாய் உடையப்பன் வந்தான். திருவாடானைப் பக்கத்துப் பையன், நல்ல உயரம்.

“உஸ்தாத், பத்தாந்தேதிக்கு எனக்கு லீவு எழுதியிருந்துச்சு. வீட்ல நெறமாசம். நடு மாசத்துலன்னு நாள் சொல்லியிருக்காக.”

“படம் பன்னெண்டாந்தேதிலே. அன்னைக்குச் சாயங்காலமே உன்னை நானே ரயில்ல ஏத்தி விடுதேன், சரிதானா?”

“தலப்பிரசவம் உஸ்தாத்.”

“எனக்கு நாலு பிள்ளை. நாலும் பொறக்கும்போது நான் முகாம்லதான் கிடந்தேன். நீ வந்தாத்தான் வெளிய வருவேன்னு பிள்ளை அடம் பிடிக்கா?”

சிரித்துவிட்டுப் போனான். இப்படிச் சொன்னால் சிரிக்கிற பையன். மற்றவனாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான்.

ஆகஸ்ட் 6, வியாழன்

சுபேதார் ஏகாம்பரம் பேட்ஜைப் பார்த்து அப்படியே பெரிதாக்கி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். மூன்று நாள் வேலை, பதினோரு மூட்டைச் சுண்ணாம்பு. என் கை வெந்து தோல் உரிகிறது.

இன்று மெட்ராஸிலிருந்து போட்டோக்காரர் நரசிம்மலு வந்தார். சவுக்குக் கம்பு நட்டு அறுபதடி உயரத்துக்குப் பரண் கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறி, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தகரக் குழலில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: “இன்னாங்க இது, எருமையா? ரெண்டு வேர்க்கடலைய ஒட்ட வெச்ச பன்னி மாதிரி கீது!”

சிப்பாய்கள் சிரித்தார்கள். சுபேதார் முகம் செத்துவிட்டது. விஷயம் இதுதான்: கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், தூரத்தில் இருப்பது சுருங்கிவிடும். மூக்கு பரணுக்கு அடியில், அதற்கு அறுபது பேர் போதும். கொம்பு தூரத்தில், ஒவ்வொன்றுக்கும் நானூற்றுப் பத்துப் பேர் வேண்டும். நுனி கால்பந்துத் திடலையும் தாண்டித் துப்பாக்கி சுடும் மேடுவரை போகிறது. பேட்ஜைப் பார்த்துக் கோடு போட்டால் வேர்க்கடலைதான் வரும். இதை அவர் முதல் நாளே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தால் என் கை வெந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னார். மூக்கில் நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் முகம் தெரியுமாம். அங்கே கர்னலும் மற்ற அதிகாரிகளும் நாற்காலி போட்டு உட்காருவார்கள். மற்றவர்கள் புள்ளி.

ஆகஸ்ட் 8, சனி

பழைய கோடுகளை எல்லாம் மண் போட்டு மூடினோம். நரசிம்மலு மேலிருந்து கத்த, நாங்கள் முளைக்குச்சியோடு ஓடினோம். “லெப்ட்ல ரெண்டடி! இல்ல சார், என் லெப்ட்டு!” அவர் இடது என்றால் எங்களுக்கு வலது. இது புரியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் இரண்டு பேரை அறைந்துவிட்டேன். பாவம், அவர்கள் நின்ற இடம் சரி.

கொம்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், அதனால் கொம்பில் நிற்கிறவர்கள் பனியனோடு. மற்றவர்கள் சீருடையில்.

நுனிக்கு உடையப்பனைப் போட்டேன். அவனைப் பார்த்துத்தான் நானூற்றுச் சொச்சம் பேரும் வரிசை பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் நில் என்றால் கண்ணிமைக்காமல் நிற்கிற ஆள் அவன் ஒருவன்தான். மற்றதெல்லாம் சொறிந்துகொண்டே நிற்கும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நானூற்றுப் பத்துப் பனியனுக்கு நீலம் போட்டு உலர்த்தியது. என் துணி அழுக்காகவே கிடக்கிறது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

ஒத்திகை ஐந்து மணி நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. வலது கொம்பில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். தண்ணீர் கொண்டு ஓடியவர்களைப் பார்த்து நரசிம்மலு, “கோடு கலையுது, கோடு கலையுது” என்று கத்தினார். அந்தக் குழலைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடைக்கலாம் என்று இருந்தது.

பதினொன்றரை மணிக்கு சுபேதார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் தந்தி. உடையப்பனுக்கு.

“இத வெச்சிக்கோ பொன்னுதுரை. படம் முடிஞ்ச ஒடனே குடு.”

“சாப், தந்தியாச்சே.”

“தெரியுதுய்யா. இப்போ குடுத்தா இன்னா பண்ணுவான்? ஓடுவான். நுனி போச்சுன்னா கொம்பே போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு வேல முடிஞ்சிரும். ஒரு நாள்ல இன்னா ஆயிடப்போவுது?” பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, “ஜமேதார் ப்ரமோஷன் லிஸ்ட்டு கர்னல் மேசைல கீது, தெரியுமில்ல?”

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேலதிகாரி சொன்னார், வாங்கிக்கொண்டேன். பட்டாளத்தில் இதற்குப் பெயர் உத்தரவு.

அடுத்தவன் தந்தி. நான் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, புதன்

மேகம். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேற்று மண்டையைப் பிளந்த சூரியன் இன்று எங்கே போய்த் தொலைந்ததோ. படம் எடுக்கவில்லை. நாளைக்கு.

கோடு சரிபார்த்தபடி நுனிவரை போனேன். உடையப்பன் மெல்லக் கேட்டான்: “உஸ்தாத், தபால் ஆபீஸ் பக்கம் போனீகளா? எனக்கு எதுவும் வந்துச்சா?”

“ஆடாம நில்லுலே” என்றேன். தோள் சற்றுச் சாய்ந்திருந்தது, பிடித்து நேராக்கினேன்.

பெண் பிள்ளைக்கு அப்பாவாகிவிட்டோம் என்று தெரியாமலேயே ஒருவன் நிற்கிறான். எல்லாம் அந்த நரசிம்மலுவால் வந்தது. இரண்டு நாள் முன்னதாகவே கோடு சரியாகப் போட்டிருந்தால் பத்தாம் தேதி வெயிலிலேயே படம் முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 13, வியாழன்

இன்றும் மேகம்.

ஆமாம், படித்தேன். மடிப்பு பிரிந்துதான் இருந்தது. பெண் பிறந்தது, மனைவி கவலைக்கிடம், உடனே புறப்படு. அவ்வளவுதான். ஊரிலிருந்து லீவு வாங்கித் தர அனுப்புகிற தந்தி எல்லாம் இப்படித்தான் இருக்கும். என் சர்வீஸில் நூறு தாய்மார்கள் ‘கவலைக்கிடம்’ ஆகி, மகன் போய்ச் சேர்ந்ததும் எழுந்து கோழி அடித்துக் குழம்பு வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் சுபேதாரிடம் போய்க் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு இப்போ குடுத்தீன்னா, எப்போ வந்துச்சின்னு கேப்பான். இன்னா சொல்லுவே?” என்றார். அந்த மனிதனின் மூளை நல்ல காரியத்துக்கு ஒரு நாளும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. சமையல்காரனைத் திட்டினேன். பருப்பில் உப்பில்லை.

ஆகஸ்ட் 14, வெள்ளி

படம் முடிந்தது. ஒன்பதே முக்காலுக்கு வெயில் வந்தது. “யாரும் மூச்சு விடாதீங்க!” என்றார். மூன்று தடவை கேமராவைச் சொடுக்கினார். மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. இதற்குப் பன்னிரண்டு நாள்.

கலையச் சொன்ன உடனே தந்தியை உடையப்பனிடம் கொடுத்தேன். படித்தான். திரும்பவும் படித்தான்.

“எப்ப வந்துச்சு உஸ்தாத்?”

“இப்பத்தான்லே.”

பனியனோடேயே ஓடினான். லீவு பாஸ், ரயில் வாரண்டு எல்லாம் நானே அலைந்து வாங்கிக் கொடுத்து, ஸ்டேஷனுக்கு லாரியில் கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

திரும்பி வந்தபோது நரசிம்மலு கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு பேர் பொன்னுக்குவீங்கியோடு படுத்திருந்தார்கள், அவர்கள் இல்லாமல் எருமை எப்படி நிறைந்தது என்று சும்மா கேட்டேன்.

“அதுவா? இருக்கறவங்கள ஒரு சாண் தள்ளித் தள்ளி நிக்க வெச்சேன். நூறு பேர் கொறஞ்சாலும் இவ்ளோ தூரத்துல தெரியாது சார்.”

“நுனியில நிக்கவன்?”

“எவன் நின்னாலும் சரிதான். ஒரு கழிய நட்டு பனியன் மாட்டி உட்டாலும் படத்துல அதே புள்ளிதான்.”

சட்டையைப் பிடித்தேன். “இத ஏன்யா முன்னாலயே சொல்லல?”

அவர் பயந்துவிட்டார். “யாரும் கேக்கலியே சார்” என்றார்.

ஆகஸ்ட் 20, வியாழன்

சுபேதாருக்குக் கடிதம் வந்திருக்கிறது. உடையப்பனின் ஊர்த் தலையாரி எழுதியது. அவன் மனைவி முத்திருளாயி வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது போய்விட்டாள். ஜன்னி கண்டிருக்கிறது. உடையப்பன் ஞாயிறு காலையில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை ரயிலேறியிருந்தால் வியாழன் காலை போயிருப்பான். கணக்குப் போடக்கூடாது என்று படுத்தேன். திரும்பத் திரும்ப வியாழன் காலைதான் வருகிறது. ஒன்றரை நாள். முழுசாக ஒன்றரை நாள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

“விதிய்யா. டாக்டராலயே முடியலியாம், இவன் போய் இன்னா கிழிச்சிருக்கப்போறான்?” என்றார் சுபேதார். அவர் வாயில் குத்தியிருக்க வேண்டும். பதினேழு வருஷம் சல்யூட் அடித்த கை எழவில்லை.

ஆகஸ்ட் 29, சனி

படம் வந்தது. நான்கடிக்கு மூன்றடி, தேக்குச் சட்டம். எருமை நன்றாகத்தான் இருக்கிறது. மூக்கில் கர்னலின் மீசை தெரிகிறது. சுபேதாரின் தொப்பை தெரிகிறது. மற்றதெல்லாம் அரிசி கொட்டின மாதிரி.

இடது கொம்பைப் பார்த்தேன். கண்ணாடிக் கடையில் ஓர அட்டை ஒட்டியவன் மேலே ஓர் அங்குலம் கூடுதலாக மூடிவிட்டான். நுனி அட்டைக்கு அடியில் போய்விட்டது. உடையப்பன் படத்திலேயே இல்லை.

யாரும் கவனிக்கவில்லை. “அருமை, அருமை” என்று கர்னல் என் கையைக் குலுக்கினார். நுனியைக் காணோம் என்று சொன்னேன். கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, கொம்பு கொம்பாகத்தான் தெரிகிறது” என்றார்.

செப்டம்பர் 1, செவ்வாய்

விழா. ஜெனரல் படத்தை அரை நிமிஷம் பார்த்தார். பிறகு டீ குடித்தார். ஜமேதார் பட்டியலில் என் பெயர் இருப்பதாகக் கர்னலின் உதவி அதிகாரி அட்ஜுடன்ட் சொன்னார். எல்லோரும் லட்டு கேட்கிறார்கள். சனியன் பிடித்த லட்டு.

செப்டம்பர் 7, திங்கள்

உடையப்பன் வந்துவிட்டான். லீவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்டேன்.

“அங்க இருக்க விடல உஸ்தாத். தந்தி குடுத்து அஞ்சாம் நாள் வர்றவன் புருசனான்னு என் மாமியா கேட்டுச்சு. முந்தாநாள்தான் கைக்கு வந்துச்சுன்னு சொன்னேன். பொய்யிங்கிறாக. பதினோராந்தேதி காலையிலயே தேவகோட்டைக்குப் போயித் தந்தி அடிச்சவன் என் மச்சினன். அன்னைக்கே போயிரும்னு தபால் ஆபீஸ்ல அவன்கிட்டச் சொல்லியிருக்காக. நான் வேணும்னே வரலையாம். புள்ளையத் தொட விடல. பொம்பளப்புள்ளைன்னு தெரிஞ்சு வராம இருந்துட்டேன்னு ஊரே பேசுது.”

அழவில்லை. அவனுக்குக் கோபம்தான். தபால் இலாகாவின்மேல் கோபம். பெங்களூர்த் தபால் ஆபீஸில் எவனோ தந்தியை மூன்று நாள் போட்டு வைத்துவிட்டானாம், அவனைக் கண்டுபிடித்து இரண்டு அறை விட வேண்டுமாம். புகார் எழுத இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்திருக்கிறான்.

“எழுதிக் குடுங்க உஸ்தாத். அவன் கையெழுத்தோட ஒரு காயிதம் கெடச்சா, ஊருக்குக் கொண்டு போயிக் காட்டி எம் புள்ளைய வாங்கிருவேன்.”

நாளைக்கு எழுதலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

எழுதவில்லை.

செப்டம்பர் 9, புதன்

மாலைப் பரேடு முடிந்ததும் அவனை நிறுத்திச் சொன்னேன். தபால்காரன் யாரும் இல்லை, தந்தி பதினோராம் தேதியே வந்தது, என்னிடம்தான் இருந்தது. சுபேதார் கொடுத்தார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது.

அடிப்பான் என்று நின்றேன். அடிக்கவில்லை.

“மூணு நாளும் ஒங்க பையிலயா இருந்துச்சு?”

“ஆமாலே.”

“நான் கேட்டேனே உஸ்தாத். எதுவும் வந்துச்சான்னு கேட்டேனே. பையில அத வெச்சுக்கிட்டா எந் தோளப் புடிச்சு நேராக்கி விட்டீக?”

அவன் உத்தரவு வாங்காமல் திரும்பிப் போனான். பத்தடி போய்த் திரும்ப வந்தான்.

“இத என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்க ஊருக்கு வந்து சொல்லுங்க. எம் மாமியாகிட்டச் சொல்லுங்க.”

செப்டம்பர் 11, வெள்ளி

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், ‘சிப்பாய் உடையப்பனின் தந்தியை நான் மூன்று நாள் மறைத்து வைத்ததை அவன் குடும்பத்தாரிடம் நேரில் சொல்ல’ என்று எழுதினேன். சுபேதார் படித்துவிட்டுக் கிழித்தார்.

“பைத்தியமாய்யா உனக்கு? சொந்த வேலன்னு எழுதேன்.”

“நீங்க குடுத்ததையும் எழுதுவேன் சாப்.”

“நான் குடுத்தேனா? எழுத்துல எங்க கீது? சாட்சி யாரு?”

சாட்சி இல்லை. என் சட்டைப் பைதான் சாட்சி. மறுபடி எழுதி, அவரைத் தாண்டி நேரே கர்னலிடம் போனேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“தந்தியை நிறுத்து என்று நான் சொன்னேனா?” என்று கேட்டார்.

இல்லை, சொல்லவில்லை. ஓட்டை விழக்கூடாது என்று மட்டும் சொன்னார். அவர் சொல்லவில்லை, சுபேதார் எழுத்தில் கொடுக்கவில்லை, போட்டோக்காரரை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சுத்தம். கடைசியில் தந்தி தானே நடந்து வந்து என் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. இதை அப்படியே இங்கிலீஷில் அவரிடம் சொன்னேன். குரலும் உயர்ந்துவிட்டது. அட்ஜுடன்ட் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

சாயங்காலம் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, எனக்கும் உடையப்பனுக்கும் ஆறு நாள் லீவு. இன்னொன்று, ஜமேதார் பட்டியலில் என் பெயரை அடித்ததற்கான அறிவிப்பு.

செப்டம்பர் 14, திங்கள், ரயிலில்

உடையப்பன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நேற்று ஏறினோம். மானாமதுரையில் இரண்டு டீ வாங்கினேன். அவன் எழுந்து போய்த் தன் காசில் தனியாக வாங்கிக் குடித்தான்.

செப்டம்பர் 15, செவ்வாய், தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு

சொல்லிவிட்டேன்.

மூன்று மைல் வெயிலில் நடந்து போனோம். உடையப்பனின் மாமியார் காத்தாயி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்ததும் எழுந்து வாசலை மறித்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். நான் முன்னால் போய், யார் என்று சொல்லி, வந்த காரியத்தையும் சொன்னேன். ரயிலில் வரும்போது யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. படம் எடுக்க ஆள் தேவைப்பட்டது, அதனால் தந்தியைக் கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

“என்ன படம்?” என்று கேட்டார்.

“எருமைத் தலை மாதிரி எல்லாரும் நிக்கணும்மா.”

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். காத்தாயிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

“தந்தி அன்னைக்கே வந்துருச்சா?”

“அன்னைக்கே வந்துட்டும்மா. பகல்லயே.”

“இவனுக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா. அவன் கேட்டான். நான்தான் சொல்லல.”

“எங்க வெச்சிருந்த?”

சாதாரணச் சட்டையில்தான் போயிருந்தேன். ஆனாலும் கை தானாக இடது பைக்குப் போயிற்று. அந்த அம்மாள் அந்தப் பையையே பார்த்தார்.

“மூணு நாளும் வாசலத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தா. நாய் கொரைச்சாலும், மச்சான் வந்துட்டாகளா ஆத்தான்னு கேட்டா. வந்துருவான், வந்துருவான்னு நான் பொய் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

என்னைத் திட்டவில்லை. உள்ளே போய், துணியில் சுற்றியிருந்த பிள்ளையைத் தூக்கி வந்து உடையப்பனின் கையில் வைத்தார். அவனுக்கு எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. “தலையத் தாங்கிப் புடிய்யா” என்றார். பிடித்தான். அப்போதுதான் அழுதான். இருவரும் உள்ளே போனார்கள்.

வெயிலில் நடந்து வந்தவனுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் நீட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். எனக்கு யாரும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. வந்த வழியே நடந்து வந்து பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.